சென்னைக் கணிதக் கழகம்

கணிதத்தையும் கணினியியலையும் இளநிலைப் பட்டத்திலேயே சேர்த்துக் கற்பிக்கும் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம். 1989-இல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் கணிதப் பிரிவாகத் தொடங்கியது. நிறுவியவர் சி. எஸ். சேஷாத்ரி (1932–2020); காஞ்சிபுரத்தில் பிறந்தவர், நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றத்தால் (1965) உலகறிந்த இயற்கணித வடிவியல் அறிஞர், கர்நாடக இசையில் தேர்ந்த பாடகர்.

ஆராய்ச்சி ஓரிடம், இளநிலைக் கல்வி வேறிடம் என்று பிரிந்து கிடந்த இந்தியச் சூழலில், ஆராய்ச்சியாளர்களே முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அதன் விளைவாக 1998-இல் பி.எஸ்சி. (ஆனர்ஸ்) வகுப்புகள் தொடங்கின. இங்கே இயற்கணிதமும் பகுப்பாய்வும் படிக்கும் மாணவர் நிரலாக்கம், படிமுறைகள், தானியங்கிக் கோட்பாடு ஆகியவற்றையும் படிக்கிறார். ஒரு நிரல் ஓடினால் மட்டும் போதாது. அது எந்த உள்ளீட்டுக்கும் சரியான விடையே தரும் என நிறுவ வேண்டும். நிறுவலில் பழகிய கணித மாணவருக்கு இது இயல்பாக வரும். இந்தப் பாடத்திட்டத்தின் உண்மையான வலிமை இதுதான். சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வும் விடையோடு காரணத்தையும் எழுதச் சொல்கிறது.

கழகம் 2005-இல் சிறுசேரி வளாகத்துக்கு மாறியது. அவ்வூர் அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது, 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. 2006-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்தது. 2018 முதல் தரவு அறிவியலில் முதுநிலைப் படிப்பும் நடக்கிறது.