சப்வெர்ஷனில் அனுமதி விதிகளை நீக்குதல்

ஒரு கோப்பில் யார், எப்போது, என்ன மாற்றினார் என்பதையெல்லாம் வரிசையாகச் சேர்த்துவைப்பது பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள். 2000-இல் கொலாப்நெட் நிறுவனம் தொடங்கிய சப்வெர்ஷன் அவற்றுள் ஒன்று, அதன் 1.0 பதிப்பு 2004-இல் வெளிவந்தது. புதிய பணிகளுக்குப் பலரும் இன்று கிட்டையே எடுக்கிறார்கள். ஆனால் ஒரே களஞ்சியத்துக்குள் இந்த அடைவை இன்னார் மட்டும் படிக்கலாம் என்று வரையறுக்க வேண்டுமானால் நான் சப்வெர்ஷனைத்தான் நாடுகிறேன். கிட்டுக்குள் அந்த வசதி இல்லை.

அனுமதி விதிகள் ஒரு சாதாரண உரைக்கோப்பில் இருக்கும். சதுர அடைப்புக்குள் அடைவின் பாதை, அதன் கீழே பயனர் அல்லது குழுவின் பெயர், சமக்குறிக்குப் பின் உரிமை. 'ஆர்' என்றால் படிக்கலாம். 'ஆர்டபிள்யூ' என்றால் எழுதவும் செய்யலாம். காலியாக விட்டால் இரண்டும் கிடையாது. எழுதுவதில் சிரமமில்லை. நீக்கும்போதுதான் வில்லங்கம்.

விதியை நீக்கினால் உரிமையும் போய்விடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஓர் அடைவுக்குத் தனி விதி இல்லையென்றால் சப்வெர்ஷன் அதன் மேலடைவைப் பார்க்கும். அங்கும் இல்லையென்றால் அதற்கும் மேலே, வேர் வரைக்கும். வேரில் நட்சத்திரக்குறி போட்டு எல்லோருக்கும் படிக்கும் உரிமை தந்திருக்கிறீர்கள், 'சம்பளம்' என்ற அடைவை மட்டும் இருவருக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்விருவரும் வேலையை விட்டுப் போய்விட்டார்கள் என்று அந்தப் பகுதியை மொத்தமாக அழித்தால், மதகைப் பிடுங்கிய வாய்க்கால்போல மேலேயுள்ள உரிமை உள்ளே பாயும். சம்பளப் பட்டியலை எல்லோரும் படிக்கலாம்! பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு, நட்சத்திரக்குறிக்கு எதிரே காலியாக விட்ட வரியை வைத்திருக்க வேண்டும். அடைவின் பெயரை மாற்றினாலும் இதே கதிதான். விதி பழைய பாதையிலேயே தங்கிவிடும்.

இன்னொரு விநோதம். அனுமதிக் கோப்பைக் காலியாக்கினால் ஒருவரும் உள்ளே நுழைய முடியாது. ஆனால் எஸ்விஎன்சர்வ் சேவகனின் அமைப்புக் கோப்பில் அதைச் சுட்டும் வரியை நீக்கினால், வேறு தடை எதுவும் எழுதியிராதவரை, பெயர் சொல்லாமல் வருபவரும் படிக்கலாம், கடவுச்சொல் உள்ளவர் எழுதலாம்.

விதிகளுக்குக் காலக்கணக்கு கிடையாது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. இன்று திறந்த அடைவின் பழைய பதிப்புகளும் இன்றே திறந்துவிடும். என்றோ ஒருவர் கடவுச்சொல்லை எழுதி மறுநாளே அழித்த கோப்பும் அதில் அடக்கம். உரிமை இழந்தவரின் கணினியில் ஏற்கெனவே இறக்கிய நகலோ அப்படியே இருக்கும். அதிலுள்ள கடவுச்சொற்களை மாற்றுவது தவிர வேறு வழியில்லை.

2013-இல் வந்த 1.8 பதிப்பிலிருந்து 'எஸ்விஎன்ஆத்இசட்' என்ற கருவியிடம் பயனர் பெயரையும் பாதையையும் கொடுத்தால் அவருக்குள்ள உரிமையைச் சொல்லிவிடும். நான் விதிக்கோப்பின் நகலில் மாற்றத்தைச் செய்து, வெளியேறுபவரின் பெயரோடு, அந்த அடைவோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவரின் பெயரையும் கொடுத்துப் பார்ப்பேன். பெரும்பாலும் இந்த இரண்டாவது பெயரில்தான் கோளாறு தெரியவரும்.