ஓசைக்குப் பின்னால் ஒரு கணக்கு: தமிழ்நாட்டில் கார்புரேட்டர் சீரமைப்பின் வரலாறு

மோட்டார் சைக்கிளோடு வரும் சைலன்சரையும் காற்று வடிகட்டியையும் கழற்றிவிட்டு, வெளியில் விற்கும் வேறு பாகங்களைப் பொருத்தும் வழக்கம் தமிழ்நாட்டில் பெரும்பாலும் அதன் ஓசைக்காகவே நினைவுகூரப்படுகிறது. அந்த ஓசைக்குப் பின்னால், மாறிய காற்றோட்டத்துக்கு ஏற்ப பெட்ரோலின் அளவை மறுபடி சரிசெய்யும் நுட்பமான கைத்தொழில் ஒன்று இருந்தது என்பதும், எஞ்சினின் ஆயுள் அதைப் பொறுத்தே அமைந்தது என்பதும் போதிய அளவு பதிவாகவில்லை. மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெடிச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் 1955இல் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவை நிறுவி, திருவொற்றியூரிலிருந்து 350 சிசி புல்லட்டை அனுப்பத் தொடங்கிய காலம் முதல், 2020இல் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிகள் நடைமுறைக்கு வந்தது வரை, ஏறத்தாழ 65 ஆண்டுகள் ஒரு மெக்கானிக்கின் கைத்திறனுக்குக் கார்புரேட்டரே உரைகல்லாக இருந்தது.

கார்புரேட்டர் என்பது பெட்ரோலை நுண்துளிகளாக்கிக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் அனுப்பும் கருவி. எஞ்சின் உறிஞ்சும் காற்று அதன் ஒடுங்கிய பாதையைக் கடக்கும்போது வேகம் கூடி அழுத்தம் குறைகிறது. அப்போது, கீழே மிதவைத் தொட்டியில் நிற்கும் பெட்ரோலை வெளிக்காற்றின் அழுத்தம், ஜெட் எனப்படும் நுண்துளையுள்ள பித்தளைத் திருகின் வழியாக மேலே தள்ளுகிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடைக்கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். முழு வலுவை எதிர்பார்க்கும் நேரத்தில் காற்று அதைவிடக் குறைந்து 13 பங்கை ஒட்டி நிற்க வேண்டும். தொழிற்சாலை தேர்ந்தெடுக்கும் ஜெட் அந்த வண்டியின் வடிகட்டியும் சைலன்சரும் தரும் தடையைக் கணக்கில் கொண்டது. தடை குறைந்த வடிகட்டியைப் பொருத்தினால் உள்ளே வரும் காற்று கூடுகிறது. வடிகட்டியின் தடையால் கிடைத்து வந்த அழுத்தக் குறைவு இல்லாமல் போவதால் பெட்ரோலை மேலே இழுக்கும் ஈர்ப்போ தளர்கிறது. கலவையில் பெட்ரோல் குறைந்த இந்நிலையில் எஞ்சின் அளவு மீறிச் சூடாகிறது, ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது தயங்குகிறது, விடும்போது சைலன்சருக்குள் வெடிக்கிறது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினாக இருந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

சைலன்சரின் வடிவமே வலுவைக் கூட்டும் என்ற அறிவு பந்தயத் தளங்களில் பிறந்தது. 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் வால்டர் காடன், டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் புகைக்குழாயை நடுவில் பருத்தும் கடைசியில் ஒடுங்கியும் அமைத்து, அதற்குள் திரும்பி வரும் அழுத்த அலை, எரியாமல் வெளியேறும் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளும்படி செய்தார். அந்த அணியின் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் சுவீடனில் நடந்த பந்தயத்தின்போது தப்பிச் சென்று சுசுகியில் சேர்ந்ததோடு இந்த நுட்பம் ஜப்பானுக்குப் போனது. மறு ஆண்டே அவர் சுசுகி வண்டியில் 50 சிசி உலகப் பட்டத்தை வென்றார். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளமான சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தியதும், பின்னர் 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தளம் இயங்கியதும், இத்தகைய மாற்றங்களைச் செய்து பார்ப்பதற்குரிய களத்தை இந்த நகரத்துக்குத் தந்தன.

1980களின் ஜப்பானியக் கூட்டுமுயற்சிகள் அந்த அறிவைத் தெருவோரப் பட்டறை வரை கொண்டுவந்தன. ஓசூரிலிருந்து இந்த்-சுசுகியும், 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வண்டியும் எஸ்கார்ட்ஸ் தயாரித்த யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியும் சாலைக்கு வந்தன. மிக்குனி நிறுவனத்தின் கூட்டோடு சென்னையில் யூகால் நிறுவனம் கார்புரேட்டர் தயாரிப்பில் இறங்கியது. மிக்கார்ப் என்ற பெயரில் புல்லட்டிலும் பிற வண்டிகளிலும் இடம்பெற்ற இந்தக் கார்புரேட்டர்களால் ஒரே வகைக் கருவியைப் பல வண்டிகளில் பழகும் வாய்ப்பு மெக்கானிக்குகளுக்குக் கிடைத்தது. 98 சிசி அளவில் 11 குதிரைத்திறன் தந்த ஆர்எக்ஸ் 100, குழாய் மாற்றத்துக்கு உடனே பலன் காட்டிய வண்டியாதலால், 1996இல் உற்பத்தி நின்ற பின்னும் இத்தொழிலின் பாடநூலாகவே நீடித்தது.

தேர்ந்த மெக்கானிக் பின்பற்றிய முறை ஒழுங்கான வரிசை உடையது. ஆக்ஸிலரேட்டரை முக்கால் பங்குக்கு மேல் திறந்து ஓட்டும்போது பெட்ரோலை அளப்பது மெயின் ஜெட் என்பதால், முதலில் அதையே ஓரிரு எண் பெரிதாக்கினார். கால் முதல் முக்கால் வரையிலான நிலையை ஆளுவது, காற்றுப் பாதையைத் திறந்து மூடும் ஸ்லைடோடு ஏறி இறங்கும் கூம்பு வடிவ ஊசி என்பதால், அதன் தலையிலுள்ள காடிகளில் கிளிப்பை ஒரு காடி கீழே மாற்றி ஊசியை உயர்த்தினார். அவ்வாறு உயர்த்தினால் பெட்ரோல் கூடும். ஐடிலிங்கையும் தொடக்க நிலையையும் பைலட் ஜெட்டாலும் ஏர் ஸ்குரூவாலும் கடைசியில் சரிசெய்தார். சோதனைக்கு அவர் நம்பியது ஸ்பார்க் பிளக்கின் நிறத்தையே: வண்டியை முழு வேகத்தில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து எஞ்சினை அப்படியே நிறுத்திப் பிளக்கைக் கழற்றினால், வெண்மை பெட்ரோல் குறைவையும், கரி படிந்த கருமை மிகுதியையும், காப்பிப்பொடி நிறம் சரியான அளவையும் காட்டின. புகை பரிசோதிக்கும் கருவியோ வலுவை அளக்கும் கருவியோ இல்லாத பட்டறையில், கண்ணையும் காதையும் கொண்டே இந்த முடிவுகள் எட்டப்பட்டன என்பது மதிக்கத்தக்க திறமை.

ஆயினும் சென்னையின் உதிரிபாகச் சந்தைகளான புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் சைலன்சரை வாங்கியவர் எல்லோரும் ஜெட்டையும் மாற்றினார்கள் என்று கொள்ள முடியாது. மாற்றாதவரின் எஞ்சின் கெட்டது, மாற்றியவரின் வண்டி பெட்ரோலைக் கூடுதலாகக் குடித்தது, இருவருமே தெருவின் அமைதியைக் குலைத்தார்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 190ஆம் பிரிவு ஒலி, காற்று மாசு வரம்பை மீறுவதற்குத் தண்டனை விதிக்கிறது. 1991 முதல் படிப்படியாக இறுகிய புகை விதிகளால் தொழிற்சாலைகள் கலவையில் பெட்ரோலை மேலும் குறைத்தன. அதனால் சிறிய மாற்றத்தைக்கூடத் தாங்கும் இடைவெளி எஞ்சினில் சுருங்கியது. பாரத் ஸ்டேஜ் 6 வந்தபோது, சென்சார்களின் துணையோடு மின்னணுக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்ஷன் முறை புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரின் இடத்தைப் பிடித்தது.

விதிகளை வகுத்தவர்களும் பட்டறையில் உழைத்தவர்களும் எதிரெதிர்த் திசையில் நின்றதாகத் தோன்றினாலும், இவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்ற ஒரே கேள்விக்கே இருவரும் விடை தேடினார்கள். நல்ல மெக்கானிக் அறிந்திருந்த உண்மை, எஞ்சினின் எந்த உறுப்பும் தனித்து இயங்குவதில்லை என்பதும், ஒன்றை மாற்றியவர் மற்றவற்றுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதுமாகும். கார்புரேட்டர் வண்டிகள் இன்னும் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எந்த வண்டிக்கு எந்த ஜெட், ஊசி எந்தக் காடியில் என்று மூத்த மெக்கானிக்குகள் மனத்தில் வைத்திருக்கும் கணக்குகளை எழுதி வாங்குவது தொழில் வரலாற்றில் அக்கறை உள்ளவர்களின் கடமை.