முதலில் வெளிச்சம், பிறகுதான் காற்று

தமிழ்நாட்டில் கோடை வெயில் என்றவுடன் எல்லோருக்கும் ஞாபகம் வருவது வேலூர்தான். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று தோல் தொழிற்சாலைகள் நிறைந்த இந்தப் பகுதியில் கத்திரி வெயில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். 2019 வரை வேலூர் மாவட்டத்தில் இருந்து, பிறகு ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போன நெமிலியும் இதே வெயிலில் காய்கிற ஊர்தான். இப்படிப்பட்ட ஊரில் சீலிங் ஃபேன் ஆடம்பரமா, அத்தியாவசியமா? வரலாற்றைப் பார்த்தால், ரொம்ப காலம் அது ஆடம்பரக் கணக்கில்தான் இருந்திருக்கிறது!

மின்சாரம் வருவதற்கு முன்பு, ஒருவருக்குக் காற்று வேண்டுமென்றால் இன்னொருவர் உழைக்க வேண்டும். வெள்ளைக்காரர்களின் கோர்ட்டிலும் பங்களாவிலும் கூரையிலிருந்து நீளமான துணி விசிறி தொங்கும். அதன் பெயர் பங்கா. வெளியே உட்கார்ந்து ஒரு ஆள் மணிக்கணக்கில் கயிற்றை இழுப்பார். காற்று உள்ளே இருப்பவருக்கு, வியர்வை இழுப்பவருக்கு. 1880-களில் அமெரிக்காவில் பிலிப் டீல் என்பவர் தையல் மெஷின் மோட்டாரில் இறக்கைகளைப் பொருத்திக் கூரையில் தொங்கவிட்டார். அதுதான் மின்சார சீலிங் ஃபேனின் ஆரம்பம்.

சென்னையில் 1895-லேயே மின்சார டிராம் ஓடியது. ஆனால் கிராமங்களுக்கு மின்சாரம் வர வெகுகாலம் ஆனது. 1927-ல் சென்னை மாகாண அரசு மின்சாரத்துக்கென்று தனித்துறை ஆரம்பித்தது. 1932-ல் பைக்காராவிலும், 1937-ல் மேட்டூரிலும் நீர்மின் உற்பத்தி தொடங்கியது. 1957 ஜூலை 1-ல் மின்சார வாரியம் உருவானது. அதன்பிறகு கிராமங்களில் பம்பு செட்டும் தெரு விளக்கும் வேகமாகப் பெருகின. ஏழைகளின் வீட்டுக்குள் மின்சாரம் நுழைந்தது கடைசியாகத்தான்.

அதுவும் எப்படி நுழைந்தது? குடிசைகளுக்கு இலவச இணைப்பு கொடுத்தபோது, குடிசைக்கு ஒரு விளக்கு, அதுவும் 40 வாட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. பழைய சீலிங் ஃபேன் ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும். அதை மாட்டினால் அது விதிமீறல். இலவசம் போய், சாதாரண வீட்டுக் கட்டணத்துக்கு மாற வேண்டியதுதான். வெளிச்சம் தேவை, காற்று தேவையில்லை என்று அரசாங்கமே கணக்குப் போட்டது போல!

விதியை விடுவோம். ஒயரிங்கே இல்லாத அறையில் ஃபேன் மாட்டுவது லேசான வேலையா? மீட்டர் பலகையிலிருந்து தனியாக லைன் இழுக்க வேண்டும். அந்தக் காலத்தில் சுவரில் மர ரீப்பர் அடித்து, அதன்மேல் கிளிப் போட்டு ஒயரை ஓட்டினார்கள். பிறகு பிவிசி பைப் வந்தது. அப்புறம் சுவிட்ச், ரெகுலேட்டர், எர்த் ஒயர். கடைசியில் ஃபேனைத் தாங்க ஒரு கொக்கி. கான்கிரீட் வீட்டில் கம்பி கட்டும்போதே கொக்கி வைத்துவிடுவார்கள். ஓட்டு வீட்டில் உத்திரத்தில் கிளாம்ப் போட வேண்டும். தாழ்ந்த கூரைக் குடிசையில் எதில் மாட்டுவது? இறக்கைக்கும் தரைக்கும் நடுவே ஏழு அடியாவது வேண்டுமே!

2011 செப்டம்பரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா மிக்ஸி, கிரைண்டருடன் இலவச மின்விசிறி கொடுக்க ஆரம்பித்தார். அது டேபிள் ஃபேன் என்பதைக் கவனிக்க வேண்டும். கொக்கி வேண்டாம், உத்திரம் வேண்டாம், ஒரு பிளக் பாயின்ட் போதும். அரசு கொடுத்த அந்தப் பொருட்களைப் பயன்படுத்திக்கொள்ளக் குடிசை இணைப்பின் விதியிலும் இடம் தரப்பட்டது. ஏழையின் வீட்டில் காற்றும் ஒரு தேவைதான் என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டார்கள்.

2016 மே மாதத்தில், வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற அறிவிப்பு வந்தது. 75 வாட் ஃபேனை தினமும் 10 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 45 யூனிட்தான் ஆகிறது. இன்று கடைகளில் கிடைக்கும் பிஎல்டிசி ஃபேன்களில் பல 28 முதல் 35 வாட்டிலேயே முழு வேகத்தில் சுற்றுகின்றன. அதாவது குடிசைக்கு அனுமதித்த அந்த ஒற்றை பல்பை விடக் குறைவு! ஆனால் அதன் விலை சாதாரண ஃபேனை விட அதிகம். வாட் கணக்கில் ஏழைக்கு எட்டிவிட்ட ஃபேன், ரூபாய் கணக்கில் இன்னும் கொஞ்சம் உயரத்திலேயே தொங்குகிறது.