ஜாவாஸ்கிரிப்டில் அணியைத் திருப்புதல்: ரிவர்ஸ் முதல் டூரிவர்ஸ்டு வரை

ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் ஓர் அணியின் உறுப்புகளைத் தலைகீழ் வரிசையில் அமைக்க இரண்டு செயற்கூறுகள் உள்ளன. ஒன்று 1996 முதல் இருந்துவரும் ரிவர்ஸ். மற்றொன்று 2023ஆம் ஆண்டுத் தரநிலையில் சேர்க்கப்பட்ட டூரிவர்ஸ்டு. முன்னது மூல அணியையே மாற்றிவிடும். பின்னது அதைத் தொடாமல் புதிய அணி ஒன்றைத் தரும். வேறுபாடு இவ்வளவுதான். ஆனாலும் அது மொழிக்குள் வர ஏறத்தாழ 27 ஆண்டுகள் ஆயின.

தோற்றம்

பிரெண்டன் ஐக் 1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பத்து நாட்களில் இம்மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். அதில் அணிக்கென்று முறையான கட்டமைப்பு இல்லை. பொருள் ஒன்றின் பண்புகளுக்கு எண்களைப் பெயராக இட்டு நிரலாளர்கள் சமாளித்தனர். 1996 ஆகஸ்டில் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 3.0 உடன் வந்த ஜாவாஸ்கிரிப்ட் 1.1 இல்தான் அணி முறையாக இடம்பெற்றது. ஜாயின், சார்ட் ஆகியவற்றுடன் ரிவர்ஸும் அப்போது வந்தது. 1997 ஜூனில் வெளியான முதல் எக்மாஸ்கிரிப்ட் தரநிலையிலும் இவை இடம்பெற்றன. இன்று தொடக்கநிலை மாணவர் முதல் நாளிலேயே கற்கும் புஷ், பாப் ஆகியவை தரநிலைக்குள் வந்தது 1999 டிசம்பரில்தான்.

ரிவர்ஸ் செயல்படும் முறை எளிது. முதல் உறுப்பும் கடைசி உறுப்பும் இடம் மாறும். பிறகு இரண்டாவதும் கடைசிக்கு முந்தையதும். இப்படியே நடுப்பகுதி வரை செல்லும். ஐந்து உறுப்புகள் இருந்தால் இரண்டு இடமாற்றங்கள் போதும். நடு உறுப்பு அசையாது. இரண்டாவது அணிக்கு நினைவகம் ஒதுக்கத் தேவையில்லை.

மறைந்திருந்த சிக்கல்

ரிவர்ஸ் மூல அணியை மாற்றுவதோடு, அதே அணியை விடையாகவும் திருப்பித் தருகிறது. எனவே விடையை வேறொரு மாறியில் இட்டவர், தம்மிடம் இப்போது இரண்டு அணிகள் இருப்பதாக நினைத்துக்கொள்வார். உண்மையில் இருப்பது ஓர் அணி, இரண்டு பெயர்கள். வங்கிக் கணக்கின் வரவு செலவுகள் பழையது முதல் புதியது வரை ஓர் அணியில் இருப்பதாகக் கொள்வோம். புதியதை மேலே காட்ட அதைத் திருப்பினால், அதே அணியைக் கொண்டு பின்னர் ஒவ்வொரு நாளின் இருப்பையும் கணக்கிடும் பகுதி தவறான விடை தரும். பிழைச்செய்தி எதுவும் வராது.

பைத்தானிலும் இதே பெயருள்ள செயற்கூறு மூலப் பட்டியலை மாற்றும். ஆனால் விடையாக எதையும் தராது. அதனால் தவறு உடனே வெளிப்பட்டுவிடும். ரூபியில் மூலத்தை மாற்றும் வடிவத்தின் பெயரில் வியப்புக்குறி சேர்ந்திருக்கும். ஜாவாஸ்கிரிப்டில் இந்த இரண்டு பாதுகாப்பும் இல்லை. ஸ்லைஸ் கொண்டோ, 2015க்குப் பிறகு மூன்று புள்ளிக் குறி கொண்டோ முதலில் நகலெடுத்து, பின்னர் அந்த நகலைத் திருப்புவதே வழக்கமாயிற்று.

உலாவியை உருவாக்குவோரும் இதில் தடுக்கி விழுந்தனர். 2018 செப்டம்பரில் வெளியான சஃபாரி 12 இல், நிரலில் நேரடியாக எழுதப்பட்ட அணியின் சேமிப்பிடம், அதில் மாற்றம் செய்யப்படும் வரை பொதுவாகப் பகிரப்பட்டது. மாற்றும் முன் தனி நகல் எடுக்க வேண்டும். ரிவர்ஸ் செயற்கூற்றில் அந்தப் படி விடுபட்டிருந்தது. விளைவாக, பக்கத்தை மீண்டும் ஏற்றினாலும் அணி தலைகீழாகவே வந்தது. பின்னர் வந்த திருத்தம் இவ்வழுவை நீக்கியது.

புதிய பெயர்

பழைய செயற்கூற்றின் நடத்தையைத் திருத்த முடியாது. அதை நம்பி இயங்கும் பழைய தளங்கள் உடைந்துபோகும். புதிய பெயர் சேர்ப்பதும் எளிதன்று. 2018இல் பிளாட்டன் என்ற பெயர் மூடூல்ஸ் என்னும் பழைய நிரலகத்தோடு மோதியதால், அது பிளாட் என்று சுருக்கப்பட்டது. இச்சூழலில் ராபின் ரிகார்ட், ஆஷ்லி கிளேமோர் ஆகியோரின் முன்மொழிவு, ரிவர்ஸ், சார்ட், ஸ்ப்ளைஸ் ஆகியவற்றுக்கு மூலத்தை மாற்றாத இணைகளைக் கோரியது. முதலில் வித்ரிவர்ஸ்டு என்றிருந்த பெயர் டூரிவர்ஸ்டு ஆனது. சஃபாரி 16 (2022), குரோம் 110 (2023), ஃபயர்பாக்ஸ் 115 (2023) ஆகியவற்றிலிருந்து இது கிடைக்கிறது.

தமிழ்ச் சொற்களைத் திருப்புதல்

சரத்தைத் திருப்ப ஜாவாஸ்கிரிப்டில் தனிச் செயற்கூறு இல்லை. சரத்தைப் பிரித்து அணியாக்கி, திருப்பி, மீண்டும் இணைப்பதே பயிற்சி நூல்கள் காட்டும் வழி. ஆங்கிலச் சொற்களுக்கு இது பொருந்தும். தமிழுக்குப் பொருந்தாது. யூனிகோடில் ‘தமிழ்’ என்பது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். அவற்றைத் திருப்பினால் புள்ளி முதலில் தனித்து நிற்கும். மகரத்துக்குரிய இகரக் குறி ழகரத்தோடு ஒட்டி ‘ழி’ ஆகிவிடும். இது டூரிவர்ஸ்டு கொண்டும் தீராது. சிக்கல் திருப்புவதில் இல்லை, பிரிப்பதில் உள்ளது. இன்டில் செக்மென்டர் என்னும் வசதி, பயனர் ஓர் எழுத்தாகக் காண்பதை ஓர் அலகாகவே பிரிக்கும். அப்போது அணியில் த, மி, ழ் என மூன்று உறுப்புகள் இருக்கும்; திருப்பினால் ‘ழ்மித’ கிடைக்கும். குரோம் உலாவியில் 2020 முதல் உள்ள இவ்வசதி, ஃபயர்பாக்ஸில் 2024இல்தான் வந்தது.