ஓடில்லா நத்தைத் தடுப்பு முறைகளும் அவற்றின் சோதனைகளும்

ஓடில்லா நத்தைத் தடுப்பு என்பது, தோட்டப் பயிர்களை ஓடில்லா நத்தைகள் தின்றழிக்காமல் காப்பதற்குக் கையாளப்படும் முறைகளைக் குறிக்கும். முட்டையோட்டுத் தூள், செப்பு நாடா, சரளை மணல், கம்பளி உருண்டைகள், பியர்ப் பொறி, நூற்புழுக்கள், நச்சுக் குருணைகள் முதலியன இவற்றுள் அடங்கும். இம்முறைகளில் பல, தோட்டக்காரர்களிடையே நீண்ட காலமாக வழங்கி வருபவை. ஆயினும் அவற்றுள் சில மட்டுமே ஒப்பீட்டு முறையில் சோதிக்கப்பட்டுள்ளன. அவ்வாறு சோதிக்கப்பட்டபோது, பரவலாக நம்பப்பட்ட தடைப்பொருட்கள் சில, எதுவும் இடாத செடிகளைவிடச் சிறந்த பாதுகாப்பை அளிக்கவில்லை எனத் தெரியவந்தது. இக்கட்டுரை பெரும்பாலும் பிரித்தானியாவில் நடந்த சோதனைகளை அடிப்படையாகக் கொண்டது.

உயிரியல் பின்னணி

ஓடில்லா நத்தைகள் மெல்லுடலிகள் தொகுதியில், வயிற்றுக்காலிகள் வகுப்பைச் சேர்ந்தவை. இவை ஒரே மூதாதையிலிருந்து தோன்றிய தனிக்குழு அல்ல. ஓடுடைய நத்தைகளின் வெவ்வேறு கிளைகள், படிவளர்ச்சியின் போக்கில் தனித்தனியே ஓட்டை இழந்ததால் தோன்றியவை. ஓடு இல்லாமையால் மண்ணின் சிறு இடுக்குகளிலும் இவற்றால் நுழைய முடிகிறது. ஆனால் உடல் எளிதில் நீரை இழந்துவிடும். எனவே இவை பகலில் மண்ணுக்குள்ளும் கற்களுக்கு அடியிலும் தங்கி, இரவிலும் மழைக்குப் பின்னரும் வெளிவந்து உணவு தேடுகின்றன.

இவற்றின் வாயில், நுண்ணிய பற்கள் வரிசையாக அமைந்த அரம் போன்ற நாக்கு உள்ளது. இலையை இவை சுரண்டித் தின்கின்றன. பாதத்தின் கீழ்ச் சுரக்கும் சளியின் மீதே இவை நகர்கின்றன. கூரான பரப்புகளையும் சொரசொரப்பான பரப்புகளையும் காயமின்றிக் கடக்க இச்சளி உதவுகிறது. தடைப்பொருட்களின் திறனைப் பற்றிப் பேசும்போது இப்பண்பை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

பிரித்தானியாவில் ஏறத்தாழ 44 இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்பது இனங்கள் மட்டுமே தோட்டச் செடிகளைத் தின்பவை என அரச தோட்டக்கலைக் கழகம் கூறுகிறது. ஏனையவை அழுகும் இலைகள், பூஞ்சைகள், பாசிகள் முதலியவற்றை உண்டு வாழ்கின்றன. பயிருக்கு மிகுந்த சேதம் விளைவிப்பவற்றுள் சாம்பல்நிற வயல் நத்தை எனப்படும் டெரோசெராஸ் ரெட்டிகுலேட்டம் முதன்மையானது. இது வளர்ந்த நிலையில் 5 செ.மீ. அளவே நீளமுடையது.

ஒப்பீட்டுச் சோதனையின் தேவை

ஒருவர் தம் செடிகளைச் சுற்றி முட்டையோட்டைத் தூவுகிறார், செடிகள் பிழைக்கின்றன. இதிலிருந்து முட்டையோடு நத்தையைத் தடுத்தது என்று முடிவு செய்ய இயலாது. அதற்குப் பல காரணங்கள் உண்டு.

1. நத்தைச் சேதம் தோட்டம் முழுவதும் சீராக இருப்பதில்லை. ஒரு செடி முற்றிலும் தின்னப்பட, இரண்டடி தள்ளி நிற்கும் செடி தப்பிவிடக்கூடும்.
2. வானிலை மாறுகிறது. வறண்ட வாரத்தில் எந்த முறையும் வெற்றி பெற்றதாகவே தோன்றும்.
3. நாற்றுகள் வளர்ந்து தண்டு முற்றியபின் நத்தைகள் அவற்றை முன்போல் நாடுவதில்லை. மருந்து இட்ட காலமும் செடி முற்றிய காலமும் ஒன்றாக அமைந்துவிடலாம்.
4. செடிகள் சேதமடைந்த பின்னரே மக்கள் மருந்தைத் தேடுகின்றனர். சேதம் உச்சத்தில் இருக்கும்போது எதைச் செய்தாலும், அதன்பின் நிலைமை தானாகவே ஓரளவு சீரடைய வாய்ப்புண்டு.

இக்குழப்பங்களை நீக்க, எதுவும் இடாத செடிகளைக் கொண்ட கட்டுப்பாட்டுக் குழு ஒன்று தேவை. ஒவ்வொரு முறைக்கும் பல செடிகளும், எந்தச் செடிக்கு எந்த முறை என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பதும் தேவை. இக்கோட்பாடுகளை இங்கிலாந்தின் ரொதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919 முதல் 1933 வரை பணியாற்றிய ரொனால்ட் ஃபிஷர் வகுத்தளித்தார். 1935-இல் வெளியான அவரது நூல், சோதனை வடிவமைப்புத் துறைக்கு அடித்தளமாகக் கருதப்படுகிறது.

தடைப்பொருட் சோதனை (2018)

பிரித்தானியாவின் அரச தோட்டக்கலைக் கழகம், வீட்டுத் தோட்டங்களில் புகழ்பெற்ற ஐந்து தடைப்பொருட்களைச் சோதித்து, முடிவை 2018-இல் வெளியிட்டது. அப்பொருட்கள் பின்வருமாறு:

- செப்பு நாடா
- தோட்டச் சரளை மணல்
- ஊசியிலை மரப்பட்டை மூடாக்கு
- கம்பளி உருண்டைகள்
- முட்டையோடு

தொட்டிகளிலும் உயர்த்திய பாத்திகளிலும் வளர்க்கப்பட்ட 108 லெட்டூசுச் செடிகள் இச்சோதனைக்குப் பயன்பட்டன. சோதனை ஆறு வாரங்கள் நடைபெற்றது. தடை இடப்பட்ட செடிகளும் தடை இடப்படாத செடிகளும் ஒரே அளவு சேதமடைந்தன என்பதே இதன் முடிவு.

இம்முடிவைச் சரியான எல்லைக்குள் புரிந்துகொள்ளுதல் வேண்டும். இது ஒரு பயிரைக் கொண்டு, ஒரு நாட்டின் வானிலையில், திறந்த வெளியில் நடந்த சோதனையாகும். எந்தத் தடையும் எக்காலத்தும் பயன்படாது என்று இது நிறுவவில்லை. எடுத்துக்காட்டாக, ஆய்வகச் சோதனைகள் சிலவற்றில் நத்தைகள் செப்பைக் கடக்கத் தயங்கியதுண்டு. ஆனால் ஆய்வகத்தில் செப்பு தூய்மையாக இருக்கும். தோட்டத்தில் அதன்மேல் மண் படியும். பாலம்போல் ஓர் இலை சாயும். நாடா சூழ்ந்த வட்டத்துக்குள்ளேயே மண்ணில் முட்டைகள் இருக்கும். ஆய்வகத்தில் வெற்றி பெற்ற முறை தோட்டத்தில் தோற்பதற்கு இத்தகைய காரணங்கள் போதுமானவை.

ஆய்வகச் சோதனைகளிலும் இருவகை உண்டு. ஒன்றில் நத்தைக்கு மருந்திட்ட இலையும் மருந்திடாத இலையும் அளிக்கப்படும். மற்றதில் மருந்திட்ட இலை மட்டுமே அளிக்கப்படும். முதல் வகையில் நத்தை விலகிச் செல்லும் பொருள், இரண்டாம் வகையில் பசியின் முன் பயனற்றுப் போகலாம். தோட்டத்தில் வேறு உணவு இல்லாத நாற்றுக் காலம் இரண்டாம் வகையையே ஒத்தது.

பிற முறைகள்

கஃபீன்

ஹவாயில் பணியாற்றிய ஆய்வாளர்கள் 2002-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், கஃபீன் கரைசல் நத்தைகளைக் கொல்லவும் விரட்டவும் வல்லது எனக் காட்டினர். 1 முதல் 2 விழுக்காடு வரையிலான செறிவு பெரிய ஓடில்லா நத்தைகளையும் கொன்றது. 0.01 விழுக்காடு அளவிலும் அவை தின்பது குறைந்தது. இதிலிருந்தே, காப்பித் தூள் சக்கையைப் பாத்தியில் இட்டால் போதும் என்னும் கருத்துக்கு வலுச் சேர்ந்தது. ஆனால் சோதிக்கப்பட்டது செறிவு அறியப்பட்ட கரைசல். வடித்தபின் எஞ்சிய சக்கை அன்று. வடிக்கும்போதே கஃபீனின் பெரும்பகுதி காப்பியில் இறங்கிவிடுகிறது.

பியர்ப் பொறி

குழிந்த பாத்திரம் ஒன்றில் பியரை ஊற்றி மண்ணில் புதைத்து வைப்பது இம்முறை. நொதித்தலின் மணம் நத்தைகளை ஈர்க்கிறது. ஈஸ்ட்டும் சர்க்கரையும் கலந்த நீரும் இவ்வாறே ஈர்க்கும். விளிம்பு மண்மட்டத்துக்கு 2 அல்லது 3 செ.மீ. மேலே இருக்குமாறு வைத்தால், நத்தைகளை உண்ணும் தரைவண்டுகள் உள்ளே விழுவது குறையும். பொறியில் நூறு நத்தைகள் விழுந்தன என்பது, செடிகள் காக்கப்பட்டன என்பதற்குச் சான்றாகாது. அளக்கப்பட வேண்டியது இலையின் சேதமே.

கையால் பொறுக்குதல்

இரவில் விளக்குடன் சென்று பொறுக்குவது செலவற்ற முறையாகும். பொறுக்கியவற்றை எவ்வளவு தொலைவில் விடுவது என்னும் கேள்வி ஓடுடைய தோட்ட நத்தைகளைக் கொண்டு சோதிக்கப்பட்டது. 2010-இல் பி.பி.சி. வானொலி பொதுமக்களுக்காக நடத்திய அறிவியல் போட்டியில், நத்தைகள் தம் இருப்பிடத்துக்குத் திரும்புவது பற்றிய சோதனை பரிசு பெற்றது. 2014-இல் பிசிக்கா ஸ்கிரிப்டா இதழில் வெளியான ஆய்வில், நத்தைகளின் ஓட்டில் குறியிட்டு, மதிலுக்கு அப்பால் எறிந்து, அவை திரும்பி வருவது எண்ணப்பட்டது. 20 மீட்டருக்கு அப்பால் கொண்டுவிடுவது, கொல்வதற்கு இணையான பயனைத் தரும் என்று அவ்வாய்வு முடிவு செய்தது. அண்டை வீட்டுத் தோட்டத்தில் எறிவது பயனற்றது என்பது இதன் நடைமுறைப் பொருள்.

நூற்புழுக்கள்

ஃபாஸ்மராப்டிட்டிஸ் ஹெர்மாஃப்ரோடிட்டா என்னும் நுண்ணிய நூற்புழு, ஓடில்லா நத்தைகளின் உடலுக்குள் புகுந்து அவற்றைக் கொல்கிறது. இங்கிலாந்தின் லாங் ஆஷ்டன் ஆய்வு நிலையத்தில் இதன் பயன் ஆராயப்பட்டு, முடிவுகள் 1993-இல் வெளியிடப்பட்டன. 1994 முதல் இது பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது. வழக்கமான அளவு சதுர மீட்டருக்கு 3,00,000 நூற்புழுக்கள் ஆகும். நீரில் கலந்து மண்ணில் ஊற்ற வேண்டும். மண் ஈரமாகவும் 5 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பநிலையிலும் இருத்தல் அவசியம். உயிருள்ள பொருளாதலால் இதை நெடுநாள் சேமிக்க இயலாது, விலையும் மிகுதி.

உப்பு

உப்பு, சவ்வூடு பரவலால் நத்தையின் உடலிலுள்ள நீரை வெளியேற்றிக் கொல்கிறது. ஆனால் அதே காரணத்தால் செடிகளின் வேரையும் பாதித்து, மண்ணையும் கெடுக்கும். ஆகவே பாத்திகளில் இது பரிந்துரைக்கப்படுவதில்லை.

நச்சுக் குருணைகளும் தடையும்

மெட்டால்டிகைடு என்னும் சேர்மத்தின் நத்தைக் கொல்லித் தன்மை 1930களில் அறியப்பட்டது. இது நத்தையின் சளிச் செல்களைச் சிதைத்து, அதை உலரச் செய்கிறது. மலிவும் திறனும் உடையதாக இருந்ததால், வயல்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் பல பத்தாண்டுகள் பெருமளவில் பயன்பட்டது. ஆனால் குருணைகளைத் தின்ற நாய்கள் கடும் நஞ்சேற்றத்துக்கு உள்ளாயின. பறவைகளுக்கும் முள்ளெலிகளுக்கும் தீங்கு நேர்ந்தது. மழைநீரோடு ஆறுகளில் கலந்த மெட்டால்டிகைடை, குடிநீர் நிலையங்களின் கிளர்வுற்ற கரி வடிகட்டிகளால் எளிதில் நீக்க முடியவில்லை. குடிநீரில் எந்தவொரு பூச்சிகொல்லியும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது அங்குள்ள விதியாகும்.

பிரித்தானிய அரசு 2018 திசம்பரில் இதற்குத் தடை அறிவித்தது. அத்தடை 2019-இல் நீதிமன்ற வழக்கின் விளைவாக நீக்கப்பட்டு, 2020 செப்டம்பரில் மீண்டும் அறிவிக்கப்பட்டது. 2021 மார்ச்சு 31-உடன் விற்பனையும், 2022 மார்ச்சு 31-உடன் திறந்தவெளிப் பயன்பாடும் முடிவுக்கு வந்தன. இதன் இடத்தைப் பெருமளவில் இரும்புப் பாசுபேட்டுக் குருணைகள் பெற்றுள்ளன. இவற்றைத் தின்ற நத்தைகள் உணவை நிறுத்தி, மண்ணுக்குள் சென்று சில நாட்களில் இறக்கின்றன. இறந்த நத்தைகள் மேற்பரப்பில் காணப்படாமையால், மருந்து வேலை செய்யவில்லை எனச் சிலர் மேலும் மேலும் இடுவதுண்டு. சேதத்தை அளப்பதற்குப் பதிலாகப் பிணங்களை எண்ணுவதால் விளையும் பிழை இது.

தோட்டத்தில் எளிய சோதனை

மாணவர்களும் தோட்ட ஆர்வலர்களும் பின்வருமாறு ஒரு சோதனையை அமைக்கலாம்.

1. ஒரே நாளில் விதைத்த, ஒரே அளவுள்ள 24 நாற்றுகளைத் தனித்தனித் தொட்டிகளில் எடுத்துக் கொள்க.
2. சீட்டுக் குலுக்கி அவற்றை எட்டு எட்டாக மூன்று குழுக்களாக்குக. இரண்டு குழுக்களுக்கு வெவ்வேறு தடைகளை இடுக. மூன்றாவதற்கு எதுவும் இட வேண்டா.
3. குழுக்களைத் தனித்தனியே அடுக்காமல், தொட்டிகளைக் கலந்து வைக்குக. இல்லையேல் ஈரமான மூலையில் அமைந்த குழு தோற்றுவிடும்.
4. வாரம் இருமுறை ஒவ்வொரு செடியிலும் தின்னப்பட்ட பரப்பை, கட்டமிட்ட ஒளிபுகும் தாளை இலைமேல் வைத்துக் கணக்கிடுக. எந்தச் செடி எக்குழு என்று அறியாத ஒருவர் அளப்பது சிறந்தது. தடை கண்ணுக்குத் தெரியுமாயின், எண்ணிட்ட இலைகளின் ஒளிப்படங்களை மற்றொருவரிடம் அளிக்கலாம்.
5. மழை நாட்களைக் குறித்துக் கொள்க. ஆறு வாரங்களுக்குப் பின் மூன்று குழுக்களின் சராசரியையும், ஒவ்வொரு குழுவுக்குள்ளும் உள்ள வேறுபாட்டையும் ஒப்பிடுக.

கட்டுப்பாட்டுக் குழுவும் சேதமடையவில்லை எனில், அப்பருவத்தில் நத்தைகளே வரவில்லை என்று பொருள். அச்சோதனையிலிருந்து எந்த முடிவும் எடுத்தல் ஆகாது.

உடல்நலம்

எலி நுரையீரல் புழுவின் இளம்பருவம் நத்தைகளிலும் ஓடில்லா நத்தைகளிலும் வளர்கிறது. இப்புழு மனிதருள் சென்றால் மூளையுறை அழற்சியை உண்டாக்கக்கூடும். வெப்ப மண்டல நாடுகளில் இது குறிப்பாகக் கவனிக்கத்தக்கது. எனவே நத்தைகளை வெறுங்கையால் தொடுவதைத் தவிர்த்து, பச்சையாக உண்ணும் கீரைகளை ஓடும் நீரில் இலை இலையாகக் கழுவுதல் வேண்டும்.

தெற்காசியாவில்

இந்தியாவில் நத்தைச் சேதம் என்றால் பெரிதும் பேசப்படுவது ஓடுடைய இராட்சத ஆப்பிரிக்க நத்தையாகும். இது 1847-இல் மொரீசியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஓடில்லா நத்தைகளுள், ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட லேவிகாலிஸ் ஆல்ட்டே இந்தியாவில் நிலைபெற்றுள்ளது. குளிர்நாட்டு இனங்களைக் கொண்டு நடந்த சோதனைகளின் முடிவுகள் இவற்றுக்கு அப்படியே பொருந்தும் எனக் கொள்ள இயலாது. உள்ளூர் இனங்களை உள்ளூர் மழைக்காலத்தில் சோதித்தே அறிய வேண்டும்.

பார்வையில் மாற்றம்

2022 மார்ச்சில் அரச தோட்டக்கலைக் கழகம், நத்தைகளையும் ஓடில்லா நத்தைகளையும் இனித் தீங்குயிரிகள் என வகைப்படுத்துவதில்லை என அறிவித்தது. அழுகும் பொருட்களை இவை மண்ணுக்குத் திருப்பி அளிக்கின்றன. பறவைகளுக்கும் தவளைகளுக்கும் முள்ளெலிகளுக்கும் உணவாகின்றன. இளம் நாற்றுகளை மட்டும் வீட்டினுள் வளர்த்து, தண்டு முற்றியபின் நடுதல், மாலையில் அன்றிக் காலையில் நீர் ஊற்றுதல், நத்தைகள் நாடாத செடிகளைத் தேர்தல் போன்ற வழிகள் இன்று முன்வைக்கப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

- மெல்லுடலி
- வயிற்றுக்காலி
- உயிரியல் கட்டுப்பாடு
- சோதனை வடிவமைப்பு