பெலிகாட்டுக்குள் ஒரு வேலங்காடு

மலேசியாவில், கிள்ளானில் வாழ்க்கைப்பட்ட பெரியம்மா மகள் அக்கா ஊருக்கு வரும்போதெல்லாம் என் அப்பாவுக்கு ஒரு துணி கொண்டுவருவாள். கட்டம் போட்ட பருத்தித் துணி. ஒருமுறை ஊதா, ஒருமுறை கரும்பச்சை. “சித்தப்பா, இது காயின் பெலிகாட். அங்க பெருநாளுக்கு இதத்தான் ஒருத்தருக்கொருத்தர் கொடுத்துக்குவாங்க” என்று கையில் வைப்பாள். அப்பா அதைக் கைலி என்பார். அம்மாவுக்கு அது லுங்கி. கும்மிடிப்பூண்டி முகாமிலிருந்து எங்கள் தெருவுக்குத் தையல் வேலைக்கு வரும் யாழ்ப்பாணத்து அக்கா, “நல்ல சாரம்” என்று தடவிப் பார்ப்பார். ஒரே துணிக்கு ஒரு திண்ணையில் நான்கு பெயர். அந்த நான்கில் எனக்குப் புரியாமல் நின்றது பெலிகாட் மட்டும்தான். புரிந்தபோது, எங்கள் வீட்டிலிருந்து பஸ் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேரக்கூடிய ஓர் ஊரின் பெயர் அது என்று தெரிந்தது.

முதலில் துணியைச் சொல்லிவிடுகிறேன். கிள்ளான் அக்கா கொண்டுவருவது மூட்டாத துணி. கடைத்தெருத் தையல்காரரிடம் கொடுத்தால் மிஷினில் நான்கு நிமிஷ வேலை. அம்மா கொடுக்கமாட்டாள். இரண்டு முனைகளையும் உட்பக்கம் வெளியே தெரியும்படி சேர்த்து வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். கட்டத்தோடு கட்டம் பொருந்த வேண்டும். இந்த முனையில் பாதியில் நின்ற பச்சைக் கோடு அந்த முனையில் அதே இடத்தில் தொடர வேண்டும். பொருந்தாவிட்டால் ஒரு முனையில் இரண்டு மூன்று இழையை உருவி எடுத்துச் சரிசெய்வாள். ஐந்தாறு இடத்தில் குண்டூசி. பிறகு நீள நீளமாக ஓர் இழையோட்டு. அதற்குமேல் நெருக்கமாகப் பின்தையல்: ஊசி ஒரு தையல் தூரம் முன்னே போய், அதில் பாதி பின்வாங்கி, மறுபடி முன்னே வரும். கடைசியில் பிசிறை உள்ளே மடித்து இன்னொரு தையல். அப்பா கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தால் சேர்ந்த இடம் எதுவென்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு மதியப் பொழுது முழுக்க அதற்குப் போகும். அக்கா கொடுத்த பரிசு, அம்மா கையால் மூட்டிய பிறகுதான் முழுப் பரிசாகும் என்று எனக்குத் தோன்றும்.

‘மூட்டு’ என்ற சொல் அழகானது. முழங்கால் மூட்டிலும் இருக்கிறது, அடுப்பு மூட்டுவதிலும் இருக்கிறது, ‘மூட்டிய லுங்கியா, மூட்டாததா?’ என்று ஜவுளிக்கடையில் கேட்கும் கேள்வியிலும் இருக்கிறது. தையல் சேரும் இடத்துக்கு மூட்டுவாய் என்றே பெயர். தையலுக்குத் தமிழில் இன்னும் பழைய சொல் துன்னம். சிலப்பதிகாரத்துப் புகார் நகர வீதியில் துன்னகாரர் இருக்கிறார்கள். தையல் என்ற சொல்லுக்குப் பெண் என்றும் பொருள் உண்டு. வைத்தீசுவரன் கோயிலில் அம்மன் பெயரே தையல்நாயகி. துணியோடு இத்தனை நெருங்கிப் பழகிய மொழி, தன் துணி ஒன்று வெளிநாட்டில் சூடிக்கொண்ட பெயரைக் கவனிக்காமல் விட்டதுதான் எனக்கு ஆற்றவில்லை.

பெலிகாட் என்பது பழவேற்காடு.

பொன்னேரிக்கு வடகிழக்கே, உப்பங்கழி ஏரியின் கரையில் இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடி இந்தியாவில் பெரிய உவர்நீர் ஏரி அது. அந்த ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் தீவுதான் ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா. ஊர்ப்பெயரைப் பிரித்தால் பழ, வேல், காடு. வேல் என்பது இங்கே முருகன் கை வேல் அன்று, வேல மரம். வேல் என்பதோடு காடு சேர்ந்தால் இலக்கணப்படி வேற்காடு. சென்னைக்கு மேற்கே திருவேற்காடு இருக்கிறதல்லவா, அந்தப் பெயரும் இதே கட்டுமானம்தான். சம்பந்தர் பாடிய தலம் அது. அங்கே தலமரமே வெள்வேலம். ஆங்கிலேயர் காலத்து இந்தியச் சொற்களைத் திரட்டி யூலும் பர்னலும் 1886-இல் வெளியிட்ட ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி இந்த ஊர்ப்பெயருக்குத் தமிழறிந்த சேஷகிரி சாஸ்திரியின் விளக்கத்தை எடுத்துக்கொள்கிறது: பழைய வேற்காடு, தேவாரத்தில் வரும் வேற்காடு என்ற பெயரைத் தாங்கியது. அதே அகராதியின் பிற்காலப் பதிப்பு, பழைய வேலங்காடு என்று நேராகவே பொருள் சொல்கிறது. எனக்கு இந்த இரண்டாவது விளக்கத்தில்தான் மனம் நிற்கிறது. உப்பு மண்ணில் வேலம் வளரும். கடற்கரையை ஒட்டிய காட்டுக்கு அந்த மரத்தைவிடப் பொருத்தமான பெயர் வேறு எங்கிருந்து வரும்?

ஏரிக்குத் தெலுங்கில் வேறொரு பெயர் உண்டு: பிரளய காவேரி. ச.வெம். ரமேஷின் கதைத் தொகுதி ஒன்று அந்தப் பெயரையே தலைப்பாகக் கொண்டது. ஏரியைச் சுற்றி வாழும் தெலுங்கருக்கு அது நீரின் பெயர். தமிழருக்கோ இது மரத்தின் பெயர். கப்பலில் ஏறிப் போனது மரத்தின் பெயர்தான்.

போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தபோது இது விசயநகரத்தின் பெரிய துறைமுகம். அந்தக் காலத்தில் எழுதிய துவார்த்தே பர்போசா, இங்கிருந்து வண்ணம் ஏற்றிய பருத்தித் துணிகள் மலாக்காவுக்கும் பெகுவுக்கும் சுமத்ராவுக்கும் போவதைக் குறித்துவைத்திருக்கிறார். போர்த்துக்கீசியர் நாக்கில் ஊர் பலேயக்காத்தே ஆயிற்று. ‘ழ’ அவர்களுக்கு வராது என்பது தெரிந்ததே. நடுவிலிருந்த ‘வேல்’ எங்கே போயிற்று? பர்போசாவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நம்மவர் வேகமாகச் சொல்லும்போதே அது ‘பழவேக்காடு’, இன்னும் வேகமாகச் சொன்னால் ‘பழேக்காடு’. துறைமுகத்தில் அவர்கள் காதில் விழுந்தது சுமைதூக்கிகளும் படகோட்டிகளும் சொன்ன பெயர்; புலவர் எழுதிய பெயர் அன்று. ஆகவே மரம் உதிர்ந்தது நம் வாயிலேயே என்று நினைக்கிறேன். அந்நியர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

டச்சுக்காரர்கள் 1610-இல் சந்திரகிரி அரசன் வேங்கடபதியிடம் அனுமதி பெற்று இங்கே பண்டகசாலை வைத்தார்கள். 1613-இல் கோட்டை எழுந்தது. அதற்கு ‘கெல்திரியா’ என்று பெயர் வைத்தார்கள். நெதர்லாந்தில் உள்ள கெல்டர்லாந்து மாகாணத்தின் நினைவு. 1690 வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் இதுவே அவர்கள் தலைமையிடம். அதன்பின் நாகப்பட்டினம் போனது. அவர்களை இங்கே இழுத்தது துணி. மொலுக்காத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் விற்றவர்கள் விலையாகக் கேட்டது சோழமண்டலத் துணியை. சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் ஏறிய துணி அந்தக் கடலில் காசைப் போலக் கைமாறியது. அத்தனையும் பழவேற்காட்டுத் தறியில் விழுந்தவை அல்ல. உள்நாட்டு ஊர்கள் பலவற்றின் நெசவு இங்கே கட்டாகிக் கப்பலேறியது. துணிக்குப் பெயர் தந்தது நெய்த ஊர் இல்லை, ஏற்றிவிட்ட ஊர். கோழிக்கோட்டிலிருந்து ஏறியது ஐரோப்பாவில் காலிகோ ஆனதுபோல. தமிழுக்கும் இது புதிதில்லை: கலிங்க நாட்டிலிருந்து வந்த துணியைக் கலிங்கம் என்றே சங்கப் புலவர்கள் அழைத்தார்கள், பிறகு எந்தத் துணிக்கும் அது பெயராகிவிட்டது.

இதே துறையிலிருந்து இன்னொன்றும் ஏற்றப்பட்டது. அதைச் சொல்லாமல் துணியைப் பற்றி மட்டும் பெருமை பேச என்னால் முடியாது. 17-ஆம் நூற்றாண்டில் பஞ்சத்திலும் போரிலும் சிக்கிய ஆயிரக்கணக்கான ஆண்களையும் பெண்களையும் டச்சுக் கம்பெனி இங்கிருந்து அடிமைகளாகப் பதாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) பிற இடங்களுக்கும் கொண்டுபோனது. அந்தக் கப்பல்களில் போன துணிக்கு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. போன மனிதர்களுக்கு அவர்கள் சொந்தப் பெயர்கூட மிஞ்சவில்லை. மரபு என்று நாம் எதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாலும் இந்தப் பக்கமும் சேர்ந்தே வரும்.

மலாய் மொழியில் துணியைக் ‘காயின்’ என்பார்கள். பழவேற்காட்டுத் துணி அங்கே ‘காயின் பெலிகாட்’ ஆனது. சிலர் ‘பெலெகாட்’ என்பார்கள். ‘லெகாட்’ என்றால் மலாயில் ஒட்டு, பற்று. அந்த ஒலி இணக்கம்தான் இந்தப் பெயரை அங்கே நிலைக்கவைத்ததோ என்னவோ. இன்று மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கும் வீட்டு ஓய்வுக்கும் ஆண்கள் கட்டுவது இது. மலாய்க்காரருக்கு இது அவருடைய பாரம்பரிய உடை, தாத்தா கட்டியது, பெருநாளன்று பேரனுக்கு வாங்குவது. அதில் தவறு என்ன இருக்கிறது? நானூறு ஆண்டு உடுத்தியவருக்கு அது சொந்தமாகிவிட்டது. அவர்கள் சாரோங்கில் நிறம் மாறி வரும் பட்டைக்குக் ‘கெபாலா’ என்று பெயர், அதாவது தலை. சம்ஸ்கிருதக் ‘கபாலம்’ அங்கே போய்க் ‘கெபாலா’ ஆயிற்று. நம் சேலையில் அந்த இடத்துக்குத் தலைப்பு என்கிறோம். துணிக்குத் தலை உண்டு என்று நினைத்த இரண்டு மொழிகள்! அவர்கள் ‘சாரோங்’கைத்தான் நாம் திருப்பி வாங்கிச் ‘சாரம்’ ஆக்கிக்கொண்டோம். ஊர்ப்பெயரைக் கொடுத்துவிட்டு உடைப்பெயரை வாங்கியிருக்கிறோம்.

இலங்கையில் இது ‘பளயகட்’ சாரம். இந்தச் சொல்லை எனக்குச் சொன்னதே எங்கள் தெருவுக்கு வரும் யாழ்ப்பாணத்து அக்காதான். அவர் அப்பா கட்டியது பளயகட்டாம். “அது எந்த ஊர்ப் பெயர் எண்டு நாங்கள் யோசிச்சதில்லை” என்றார். கடல் கடந்து வந்து, அந்தப் பெயர் பிறந்த மாவட்டத்திலேயே முகாமில் இத்தனை வருஷமாக அவர் குடியிருக்கிறார்.

மேற்கேயும் பெயர் போனது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிளாஸ்கோ நெசவாளர்கள் நம் வண்ணக் கைக்குட்டைகளைப் பார்த்து நெய்து, அவற்றுக்குப் ‘புல்லிகேட்’ என்றே பெயரிட்டு விற்றார்கள். ஆங்கில அகராதிகளில் அந்தச் சொல் இன்னும் கிடக்கிறது. சென்னைத் துறைமுகம் தலையெடுத்த பிறகு கட்டம் போட்ட கைக்குட்டைத் துணிக்கு மெட்ராஸ் என்ற பெயர் வந்து புல்லிகேட்டை மூடிவிட்டது. கரீபியத் தீவுகளில் பெண்கள் தலையில் கட்டும் ‘மெட்ராஸ்’ அங்கே பல நாடுகளில் தேசிய உடையின் பகுதி.

இந்தத் துணிகளுள் என் அம்மாவுக்கு நான் காட்ட விரும்புவது நைஜீரியாவின் கலபாரிப் பெண்கள் செய்வதைத்தான். கடலோரக் கழிமுகத்தில் வாழும் அவர்கள் நம் மெட்ராஸ் துணியை வாங்கி அப்படியே உடுத்துவதில்லை. ஊசி முனையால் சில இழைகளை நெம்பித் தூக்கி, பிளேடால் கத்தரித்து, இழுத்து எடுத்துவிடுகிறார்கள். ஒரு நிறக் கோட்டை எடுத்ததும் கட்டத்துக்குள் புதிய கோலம் ஒன்று தெரிகிறது. துணியும் வலைபோல் லேசாகிறது. அதற்குப் பெயர் ‘பெலெத்தே பித்தே’, வெட்டிய துணி. வீட்டு விசேஷங்களுக்கும் இறந்தவரின் மஞ்சத்துக்கும் அதை வைக்கிறார்கள். அம்மா கட்டம் பொருந்துவதற்காக இழை உருவுகிறாள். அவர்கள் கட்டத்தை மாற்றுவதற்காக உருவுகிறார்கள். நெய்தவர் தறியில் வேலையை முடித்தார் என்று நாம் நினைக்கிறோம். ஊசி பிடித்த பெண்கள் அப்படி நினைப்பதில்லை.

இத்தனை கரைகளுக்குப் போன பெயர் வீட்டுக்கு எப்படித் திரும்பியது தெரியுமா? ‘புலிகாட்’ என்று. தமிழ்ச் செய்திகளிலேயே ‘புலிகாட் ஏரி’ என்று எழுதுகிறார்கள். புலிக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்? ஆங்கில எழுத்துக் கூட்டலைத் தமிழில் மறுபடி எழுத்துக் கூட்டியதால் வேலங்காடு போய்ப் புலி வந்துவிட்டது. மலாய்க்காரர் பெலிகாட் என்று சொன்னால் அது அவர் நாக்கு ஏற்றுக்கொண்ட உருவம். ‘ழ’கரம் நம் கையில் இருக்கும்போது நாம் ஏன் புலிகாட் என்று எழுத வேண்டும்? இதில் மட்டும் எனக்குக் கோபம் வருகிறது.

போன முறை வந்தபோது கிள்ளான் அக்காவைப் பழவேற்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் பொன்னேரி; அங்கிருந்து பஸ். சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்த வடநாட்டுப் பையன்கள் வாடகை அறைகளின் மாடியில் உலர்த்தியிருந்த கட்டம் போட்ட லுங்கிகளை அக்கா ஜன்னல் வழியே எண்ணிக்கொண்டு வந்தாள். டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் அது ஒழுங்காக இருக்கிறது. கெல்திரியாக் கோட்டை இருந்த இடத்தில் மேடும் அகழியும் தவிர எல்லாம் முட்புதர். கம்பெனி வைத்த பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை. முள்ளின் பெயர் நிற்கிறது.

ஊருக்குள் முஸ்லிம் பெண்கள் பனையோலையில் பெட்டி முடைகிறார்கள். ஓலையை வகிர்ந்து, சிலவற்றை ரோஜா நிறத்திலும் பச்சையிலும் சாயம் தோய்த்து, வெள்ளை ஓலையோடு மாற்றி மாற்றிக் கோத்தால் பெட்டியிலும் கட்டம் விழும். கிள்ளானில் சம்பந்தி வீட்டுக்குப் பெலிகாட்டை வைத்துக் கொடுக்க ஒரு பெட்டி வேண்டும் என்று அக்கா கேட்டாள். “எவ்ளோ பெருசும்மா? துணியக் காட்டு” என்றார் முடைந்துகொண்டிருந்த பாட்டி. அக்கா பையிலிருந்து எடுத்தாள். முந்தின நாள்தான் அம்மா மூட்டி மடித்துக் கொடுத்திருந்தாள். பாட்டி மடிப்பைப் பிரித்து மடியில் விரித்தார். “இதுக்கு உங்க ஊர்ப் பேருதான் பாட்டி” என்று அக்கா சொன்னது அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. ஓலைச்சாயம் ஏறிய விரலைத் தாவணி ஓரத்தில் துடைத்துக்கொண்டு, துணியை வட்டமாகத் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்தார்.

“மூட்டு எங்கம்மா இருக்கு? கைக்கே ஆப்புடல.”