ஊவா மலைத்தோட்டங்களும் குற்றத்தாற் பாதிக்கப்பட்டோர் உரிமையும்

குற்றவியல் வழக்கென்பது சட்டத்தின் பார்வையில் அரசுக்கும் எதிரிக்கும் இடையே நிகழ்வது. அடிபட்டவரும் பொருளிழந்தவரும் கொலையுண்டவரின் மனைவியும் அங்கு சாட்சிகள் மட்டுமே. ஆங்கிலச் சட்டமரபு பரவிய நாடுகளுக்கெல்லாம் பொதுவான இந்நிலை இலங்கையின் மலைத்தோட்டங்களிலே மேலும் கடுமையானதொரு வடிவம் பெற்றது. ஏனைய இடங்களிற் பாதிக்கப்பட்டவர் சாட்சியாகவேனும் மன்றேறினார். தோட்டத் தொழிலாளரோ நெடுங்காலம் எதிரியாகவே மன்றேறினர். அப்புத்தளை, பண்டாரவளை, பதுளை ஆகிய ஊவாப் பகுதிகளின் வரலாற்றை இந்நோக்கில் ஆராய்வது பயனுடையதாகும்.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம், வேலையை விட்டு நீங்குதலையும் பணியிற் கவனக்குறைவையும் தண்டனைக்குரிய குற்றங்களாக்கியது. மூன்று மாதம்வரை சிறைவாசம் விதிக்க அதில் இடமிருந்தது. கூலி கொடாத தோட்டத்துரைமீதும் நடவடிக்கை எடுக்கலாம் என்பது ஏட்டளவில் இருந்ததுதான். ஆயின் எழுத்தறியாதவராய், கங்காணிக்குக் கடன்பட்டவராய், துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை பெறமுடியாதவராய் இருந்த ஒருவர், துரையை நீதவான்முன் நிறுத்துவது எங்ஙனம்? துண்டு முறை 1921இலேயே ஒழிந்தது. தொமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளைக்கருகே தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கியபோது நடைமுறையிலிருந்தது இந்தச் சட்டமே. லிப்டன் அமர்ந்து பார்த்ததாகக் கூறப்படும் மலைமுகட்டைப் பற்றி எழுதியோர் பலர். அம்முகட்டின் கீழிருந்த லயங்களிலிருந்து மன்றுக்கு இழுத்துச் செல்லப்பட்டோரைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே.

பாதிக்கப்பட்டவர் என்ற நிலையில் ஒரு தோட்டக் குடும்பம் பொதுவிசாரணையொன்றில் தனக்கெனச் சட்டத்தரணியுடன் நின்றமைக்குச் சிறந்த சான்று 1940இலே கிடைக்கின்றது. அவ்வாண்டு சனவரி 10ஆந் திகதி, ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். எழுந்த கண்டனத்தால் விசாரணை ஆணைக்குழுவொன்று அமைக்கப்பட்டது. கோவிந்தனின் மனைவிக்காக அதன்முன் தோன்றியவர் லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர்களுள் ஒருவரான கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. பொலிசாருக்கும் தோட்ட நிருவாகத்துக்கும் இருந்த நெருக்கத்தை அவரது குறுக்குவிசாரணை வெளிக்கொணர்ந்தது. அப்பெண்ணுக்கு அந்த இடத்தைச் சட்டம் தானாகத் தரவில்லை. தொழிற்சங்கமும் கட்சியும் உடன் நின்றமையாலே கிடைத்தது. அவ்வாண்டின் கிளர்ச்சி அலை ஊவாவையும் எட்டியது. பதுளைக்கருகே வெவெஸ்ஸத் தோட்டத் தொழிலாளர் தமக்கெனத் தெரிவுசெய்த சபையொன்றை அமைத்ததும், அங்கு வந்த ஆயுதந் தாங்கிய பொலிசாரின் ஆயுதங்களைப் பறித்ததும் அப்போது நிகழ்ந்தவை.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. வாக்கில்லாதவரின் முறைப்பாட்டைக் கேட்கும் அரசியல்வாதியும் அரிதானான். பின் வந்த வன்செயல்களில் இதன் விளைவு புலப்பட்டது. 1977ஆம் ஆண்டு வன்செயலை விசாரிக்கச் சன்சோனி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. ஆயினும் 1982ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க இழப்பெதிர்காப்புச் சட்டம், 1977 ஆகஸ்டு மாதத்தில் நல்லெண்ணத்துடன் செயற்பட்டதாகக் கூறும் அலுவலரை வழக்கிலிருந்து காத்தது. ஒரு கையால் விசாரணை, மறு கையாற் பூட்டு! 1983 யூலையிற் பதுளை நகரக் கடைகள் எரிந்தன. அவற்றின் உரிமையாளர் நாடவேண்டியிருந்தது நீதிமன்றையன்று, புனர்வாழ்வு அதிகார சபையையே. இழப்பீடு உரிமையாக அன்றி நிருவாகச் சலுகையாகவே வழங்கப்பட்டது. அவ்வன்செயலுக்காகக் குடியரசுத் தலைவர் ஒருவர் பகிரங்கமாக மன்னிப்புக் கோர 2004ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

இவ்வரலாற்றின் மிகக் கொடிய பக்கம் அப்புத்தளைக்கு அயலூரான பண்டாரவளையின் புறத்தே, பிந்துனுவெவவில் எழுதப்பட்டது. அங்கிருந்த புனர்வாழ்வு நிலையத்தில் தமிழ் இளைஞர் நாற்பதின்மரளவில் தடுத்துவைக்கப்பட்டிருந்தனர். சிறுவரும் அவர்களுள் அடங்குவர். 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆந் திகதி காலை பெருங்கும்பலொன்று நிலையத்துட் புகுந்தது. வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டோர் இருபத்தேழுக்குக் குறையார். ஆயுதந் தாங்கிய பொலிசார் அறுபதின்மரளவில் அவ்விடத்தே இருந்தும் படுகொலை தடுக்கப்படவில்லை.

ஓய்வுபெற்ற நீதியரசர் பி. எச். கே. குலதிலக தலைமையில் ஆணைக்குழு விசாரித்தது. அதன் அறிக்கை பல்லாண்டு பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்படவில்லை. மூன்று நீதிபதிகள் அடங்கிய விசேட மேல் நீதிமன்றம், பொலிஸ் அலுவலர் இருவர் உட்பட ஐவருக்கு 2003 யூலையில் மரணதண்டனை விதித்தது. மேன்முறையீட்டின் பயனாக 2005 மே மாதத்துக்குள் ஐவருமே விடுதலையாயினர். குற்றம் நிறுவப்படவில்லை என்பது தீர்ப்பின் சாரம். ஐயமறக் குற்றம் நிறுவப்படாவிடின் எதிரியை விடுவித்தல் நீதியின் அடிப்படை. அதனைக் குறைகூறல் தகாது. ஆயின் அந்நிறுவலுக்கு வேண்டிய சாட்சியம் திரளவேண்டிய வழியை நோக்குக. தப்பிப் பிழைத்தோர், தம்மைக் காக்கத் தவறிய அதே அரசின் காவலில் இருந்தவர்கள். பொலிசார் எதிரிகளாக நிற்கும் வழக்கில் முதற்கட்டச் சான்றுகளைத் திரட்டுவதும் பொலிசின் கடனே. சாட்சிகளுக்குப் பாதுகாப்பளிக்கத் தனிச்சட்டம் எதுவும் நாட்டில் அன்று இருக்கவில்லை.

உலகிலே நியூசிலாந்து 1963இலேயே குற்றத்தாற் பாதிக்கப்பட்டோர்க்கு அரசு இழப்பீடு வழங்கச் சட்டம் இயற்றிற்று. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1985 நவம்பரில் அவர்களுக்கான நீதிக் கோட்பாடுகளைப் பிரகடனஞ் செய்தது. இலங்கையில் 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை, அதாவது பிந்துனுவெவத் தீர்ப்பின் பின்னும் பத்தாண்டு, காத்திருக்க நேர்ந்தது. பாதிக்கப்பட்டோரும் சாட்சிகளும் பாதுகாப்புப் பெறும் உரிமை, வழக்கின் முன்னேற்றத்தை அறியும் உரிமை, இழப்பீட்டு நிதியம், தேசிய அதிகார சபை, பொலிசிற் தனிப்பிரிவு ஆகியன அதன்வழி உருவாயின. 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் அதனிடத்தைப் பெற்றது.

புதிய சட்டங்களின் ஆரவாரத்திற் பழையதொன்று மறக்கப்படுகின்றது. பாதிக்கப்பட்டவர் சட்டத்தரணி மூலம் மன்றில் தோன்றும் உரிமையை 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 260ஆம் பிரிவிலேயே தந்துள்ளது. வசதியற்றோர்க்கு உதவச் சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி நிறுவப்பட்டது. கோவிந்தனின் மனைவிக்கு ஒரு கட்சி பெற்றுத்தந்த இடம், இன்று எந்தத் தோட்டப் பெண்ணுக்கும் ஏட்டிலே உண்டு.

அவ்விடத்தை அடையும் வழியில் நிற்கும் முதற்றடை மொழியாகும். அப்புத்தளை உட்படப் பதுளை மாவட்டத்தின் சில பிரதேசச் செயலகப் பிரிவுகள் 1999ஆம் ஆண்டு வர்த்தமானி மூலம் இருமொழி நிருவாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. எனினும் முறைப்பாட்டை எழுதும் அலுவலர் தமிழறியாராயின், தமிழிற் சொன்னது சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசித்து விளக்கப்பட்டதாக ஒப்பமும் பெறப்படும். மாதங்கள் கழிந்து, பண்டாரவளை நீதவான் மன்றிலோ பதுளை மேல் நீதிமன்றிலோ, முன்னர் பொலிசுக்குக் கூறியதற்கு இது முரணாயிற்றே என எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வினவும்போது, அத்தாளில் எழுதப்பட்டது இன்னதென்பதை அப்பெண் முதன்முறையாகக் கேட்கின்றாள்.